வண்டியும் வழியும்: ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் கதை

தில்லியில் கரோல் பாக் என்னும் பகுதியைத் தமிழர் அறியாதிருத்தல் அரிது. காப்பித் தூளுக்கும் அப்பளத்துக்குமாக அங்கே செல்லும் வழக்கம் நம்மவர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அப்பகுதியின் சந்துகளிலேயே மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்கள் கூரை முட்டக் குவிந்திருப்பதையும், பல ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஜப்பானிய வண்டிகள் பிரித்து மாட்டப்படுவதையும் காணலாம். வெளி மாநிலத்தில் உத்தியோகம் ஏற்று வந்த இளைஞர்கள், தந்தையார் ஓட்டிய வண்டியைப் போன்ற ஒன்றைத் தாமும் வாங்க விரும்பி, "பழைய ஜப்பானிய வண்டிகளுள் எது சிறந்தது?" என்று நம்மைக் கேட்பதுண்டு.

இக்கேள்வியில் ஒரு பாதிதான் இருக்கிறது. எந்தப் பாதையில், எவ்வளவு தூரம், யாரை ஏற்றிக்கொண்டு, என்ன காரியமாக என்னும் மறுபாதியையும் சேர்த்தால்தான் விடை கிடைக்கும். ஜப்பானியர் இத்தொழிலில் பெற்ற வெற்றியின் வரலாறே, அந்த மறுபாதியைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு வண்டி செய்த வரலாறு எனலாம். அது மறக்கப்பட்ட இடங்களில் என்ன நேர்ந்தது என்பதும் அதே வரலாற்றில் அடங்கியிருக்கிறது. இவ்விரண்டையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் ஜப்பானிய நகரங்கள் இடிந்து கிடந்தன. பஸ்களும் ரயில்களும் மக்கள் நெரிசலைத் தாங்கவில்லை. பெட்ரோலுக்கோ கடும் பஞ்சம். 1946-ஆம் ஆண்டில் ஹமாமட்சு நகரத்தில் சொய்ச்சிரோ ஹோண்டா என்பவர், இராணுவத்தினர் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் ஊட்டப் பயன்படுத்திய சிறு எஞ்சின்களை வாங்கிச் சாதாரணச் சைக்கிள்களில் பொருத்தினார். முதன்முதலில் அவர் செய்து பார்த்த வண்டிக்குப் பெட்ரோல் தொட்டியாக அமைந்தது, குளிருக்கு வெந்நீர் ஊற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் குப்பி! 1948-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரால் ஒரு கம்பெனி உருவாயிற்று.

ஏனைய மூன்று பெரும் கம்பெனிகளின் பூர்வோத்தரமும் சுவையானதே. சுசுகி 1909-ல் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1952-ல் சைக்கிளில் மாட்டும் 36 கன செண்டிமீட்டர் எஞ்சினோடு இத்துறையில் புகுந்தது. ஆர்மோனியமும் பியானோவும் செய்த கம்பெனியிலிருந்து 1955-ல் யமஹா மோட்டார் பிரிந்தது; அதன் முதல் வண்டியைச் செந்நிறம் கருதி ஜப்பானியர் 'செந்தும்பி' என்று செல்லமாக அழைத்தனர். கவாசாகியோ கப்பலும் விமானமும் கட்டிய குடும்பத்தைச் சேர்ந்தது. 1950-களில் அந்நாட்டில் மோட்டார் சைக்கிள் செய்தவர் நூற்றுக்கும் மேற்பட்டோர். போட்டியில் அவர்கள் ஒவ்வொருவராக மறைய, இந்நால்வரே பெரும் அளவில் நிலைத்து நின்றனர்.

மேலே செல்லுமுன் எஞ்சின் வகை பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். மெக்கானிக்குகள் 'டூ ஸ்ட்ரோக்', 'ஃபோர் ஸ்ட்ரோக்' என்று குறிப்பிடுவனவற்றை இருவீச்சு, நால்வீச்சு என்று தமிழில் சொல்லலாம். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒருதரம் எரிபொருள் வெடித்து விசை தந்தால் அது இருவீச்சு. இருமுறை ஏறி இறங்கினால் ஒருதரம் வெடிப்பது நால்வீச்சு. முன்னதில் பாகங்கள் குறைவு, எடையும் குறைவு, அதே அளவு எஞ்சினில் விசை மிகுதி. ஆனால் உள்ளே நுழையும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிந்து புகையும். பின்னது நிதானமானது, சிக்கனமானது, பாகங்கள் மிகுதியாதலால் செய்வதற்குச் சிரமமானது. வேகமும் இலேசும் வேண்டுவோர்க்கு ஒன்று, சிக்கனமும் நீண்ட ஆயுளும் வேண்டுவோர்க்கு மற்றொன்று என்ற பிரிவினை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் தெருப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்கும் வீட்டுக்கும் இடையே நாள் முழுவதும் நின்று நின்று போகும் பயணம் இது. ஹோண்டா கம்பெனியின் வியாபாரப் பொறுப்பை வகித்த தக்கெயோ புஜிசாவா, இத்தகைய பயணத்துக்கு ஏற்ற வண்டி வேண்டுமென்றார். சேமியாவைப் போன்ற 'சோபா' உணவை ஒரு கையில் தட்டோடு ஏந்திக்கொண்டு வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் கடைப்பையன், மற்றொரு கையாலேயே ஓட்டக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'சூப்பர் கப்' வண்டிக்குக் கையால் அழுத்தும் கிளட்ச் கிடையாது. எஞ்சினின் சுழற்சியே கிளட்சை இணைக்கவும் விடுவிக்கவும் செய்யும். 49 கன செண்டிமீட்டர் நால்வீச்சு எஞ்சின், நாலரைக் குதிரைத்திறன், சேறு தெறிக்காமல் காக்கும் பிளாஸ்டிக் கால்மறைப்பு, பாவாடை அணிந்தோரும் எளிதில் ஏறுமாறு தாழ்ந்த நடுப்பகுதி, அவ்வளவுதான். வேகப் போட்டியில் இதற்கு இடமில்லை. ஆயினும் இவ்வரிசை வண்டிகளின் உற்பத்தி 2017-ஆம் ஆண்டில் பத்துக் கோடியை எட்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனத்துக்கும் இப்பெருமை வாய்த்ததில்லை.

இதே காலத்தில் அதே கம்பெனி பந்தயப் பாதையிலும் கால்வைத்தது. பிரிட்டனுக்கு அருகிலுள்ள மேன் தீவின் மலைச்சாலைப் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதாக 1954-ல் ஹோண்டா அறிவித்தார். அவ்வாண்டே நேரில் சென்று பார்த்தபோது, ஐரோப்பிய வண்டிகளின் விசை தம்முடையதைவிடப் பன்மடங்கு இருந்ததைக் கண்டு திகைத்தார். ஐந்தாண்டு உழைப்பிற்குப் பின் 1959-ல் 125 கன செண்டிமீட்டர் பிரிவில் 6, 7, 8, 11-ஆம் இடங்களைப் பெற்று அவர் குழு பரிசு வாங்கிற்று. 1961-ல் 125, 250 ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கே கிடைத்தன. மறு ஆண்டு 50 கன செண்டிமீட்டர் பிரிவில் சுசுகி வென்றது. மலைச்சரிவுகளில் மணிக்கணக்காக முழுவேகத்தில் ஓடி உடையாத யந்திரத்தைச் செய்யும் பயிற்சியை இப்பந்தயங்கள் அளித்தன. பந்தயத்தில் கற்றதைச் சாலைக்கு எவ்வாறு கொணர்வது என்பது அடுத்த கேள்வியாயிற்று.

இதற்கு 1969-ஆம் ஆண்டில் இரு கம்பெனிகள் இருவேறு விடை அளித்தன. கவாசாகியின் 'எச் 1' என்ற வண்டி மூன்று சிலிண்டர் இருவீச்சு எஞ்சின் கொண்டது. 498 கன செண்டிமீட்டரில் 60 குதிரைத்திறனை உமிழ்ந்தது. நேர்ச்சாலையில் அதை வெல்வார் அன்று மிகச் சிலரே. ஆனால் அதன் சட்டமும் டிரம் பிரேக்கும் அந்த விசைக்கு ஈடுகொடுக்கவில்லை. வளைவுகளில் அது தடுமாறும் என்பது பரவலான பேச்சாயிற்று. ஹோண்டாவின் 'சி.பி. 750' நான்கு சிலிண்டர் நால்வீச்சு வண்டி. 736 கன செண்டிமீட்டர், 67 குதிரைத்திறன். எடையில் மற்றதைவிட மிகுந்தது. எனினும் முன்சக்கரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை அமைத்து, பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியையும் சேர்த்து, நாள்தோறும் ஓட்டுவோர் கைக்கு ஏற்றதாக அதை விற்றனர். வேகத்தைக் கூட்டியவர்கள் நிறுத்தும் ஆற்றலையும் உடன் கூட்டினார்கள் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. நெடுஞ்சாலை வேகப் பயணத்துக்கு உலகெங்கும் பின்பற்றப்பட்ட முன்மாதிரியாக இவ்வண்டியே அமைந்தது. கவாசாகியும் 1972-ல் 903 கன செண்டிமீட்டர் நால்வீச்சு 'இசட் 1' வண்டியோடு அவ்வழிக்கு வந்தது.

வேகம் வேறு, தூரம் வேறு. ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் செல்லும் யாத்திரைக்கு, களைப்பின்றி அமர்ந்திருக்கும் வசதியும் வழியில் பழுது கேட்காத உறுதியும் முதன்மையானவை. 1974-ல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் காட்டப்பட்ட ஹோண்டா 'கோல்டு விங்' இதற்கெனவே பிறந்தது போல் வளர்ந்தது. 999 கன செண்டிமீட்டர் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருந்தன; அவற்றைத் தண்ணீர் குளிர்வித்தது; பின்சக்கரத்தைச் சுழற்றியது எண்ணெயிட்டு இறுக்க வேண்டிய சங்கிலிக்குப் பதிலாக ஓர் இருசு. பெட்ரோல் தொட்டியை இருக்கையின் கீழ் இறக்கிப் பாரத்தைத் தாழ வைத்தனர். அமெரிக்க யாத்திரிகர் தாமாகவே அதில் காற்றுமறைப்பும் பெட்டிகளும் மாட்டிக்கொள்ளத் தொடங்கவே, 1980-ல் கம்பெனியே அவற்றைப் பொருத்தி விற்றது. ஓட்டுபவன் என்ன செய்கிறான் என்று பார்த்து வண்டி திருத்தப்பட்டதற்கு இஃது ஓர் உதாரணம். இதனோடு 1985-ல் வந்த சுசுகி 'ஜி.எஸ்.எக்ஸ். ஆர் 750' வண்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். பந்தய வண்டியின் சாயலில் அலுமினியச் சட்டத்தோடு மிக இலேசாக அமைந்த அது, வளைவுகளில் வில்லிலிருந்து விடுபட்ட அம்பு. ஆனால் கைப்பிடியை நோக்கிக் குனிந்தே இருக்க வேண்டிய அதில் பெங்களூரிலிருந்து பம்பாய் வரை செல்வதை எந்த முதுகும் விரும்பாது.

சாலையே இல்லாத வழிக்கு வேறு வண்டி வேண்டும். அமெரிக்காவின் பாலைவனங்களிலும் காட்டுப் பாதைகளிலும் சாதாரண வண்டிகளை மாற்றியமைத்து ஓட்டுவோர் பெருகியதைக் கண்ட யமஹா, 1968-ல் 'டி.டி. 1' என்னும் 250 வகை ஒற்றைச் சிலிண்டர் இருவீச்சு வண்டியை வெளியிட்டது. கல்லில் இடிக்காதபடி உயர்ந்த அடிப்பகுதி, பள்ளங்களை விழுங்கும் நீண்ட முன்கவை, மண்ணைக் கவ்வும் டயர் ஆகியவற்றோடு, சாலையிலும் சட்டப்படி ஓட்ட விளக்குகளும் அதில் இருந்தன. அதே கம்பெனியின் 'எக்ஸ்.டி. 500' ஒற்றைச் சிலிண்டர் நால்வீச்சு வண்டி. எளிய அமைப்பு, தாழ்ந்த சுழற்சியிலேயே இழுக்கும் வலிமை. பாரிஸிலிருந்து சஹாராவைக் கடந்து டாக்கர் வரை 1979-ல் நடந்த முதல் ஓட்டத்தில் மோட்டார் சைக்கிள்களுள் வென்றது அதுவே. அதைவிட விசையில் மிக்க வண்டிகள் உலகில் பல இருந்தன. மணலில் உதவியது எளிமைதான்.

இனி, நம் போன்ற நாடுகளின் பயணத்துக்கு வருவோம். இருவருக்கென்று செய்த வண்டியில் குடும்பமே ஏறும். பின்னால் மூட்டையும் இருக்கும். எண்ணெய் மாற்றுவது நினைவு வந்தபோதுதான். ஆசிய நாடுகளில் தம் வண்டிகள் இவ்வாறு நடத்தப்படுவதைக் கண்ட ஹோண்டா, 1970-களின் நடுவில் 'சி.ஜி. 125' என்ற வண்டியை உருவாக்கிற்று. அக்காலத்துப் புது நாகரிகமான மேல்நிலைக் கேம் அமைப்பை விடுத்துப் பழைய தள்ளுகம்பி முறையையே அதில் அமைத்தனர். அழுக்கேறிய எண்ணெயிலும் தேயாமல் உழைக்கும் என்பதே காரணம். சங்கிலியை முழுவதும் உறைக்குள் அடைத்துத் தூசியிலிருந்து காத்தனர். பார்வைக்குப் பின்னடைவாகத் தோன்றும் இம்மாற்றமே வண்டியின் பலமாயிற்று. பாகிஸ்தானில் அவ்வரிசை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து செய்யப்பட்டு வந்தது.

இந்தியாவுக்கு ஜப்பானிய வண்டிகள் பெருமளவில் வந்தது 1980-களில். வெளிநாட்டுக் கூட்டுறவுக்கு அரசாங்கம் வழி திறந்தபின் நான்கு இணைப்புகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டின் ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தார் சுசுகியுடன் சேர்ந்து 1984-ல் 'இண்ட்-சுசுகி' வண்டியைக் கொணர்ந்தனர். 1985-ல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டாவின் 'சி.டி. 100' வந்தது. அவ்வாண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் 'ஆர்.எக்ஸ். 100' வண்டியை வெளியிட்டது. தில்லிக்கு அருகில் உத்தரப் பிரதேசத்துச் சூரஜ்பூர் அதன் இடமாயிற்று. 1986-ல் பஜாஜ், கவாசாகியின் 100 வகை வண்டியோடு வந்தது. எல்லாம் 100 என்ற ஒரே எண்ணைத் தாங்கியவை. ஆயினும் ஒன்றற்கொன்று மாற்றாக அமையக் கூடியவை அல்ல.

ஆர்.எக்ஸ். 100 இருவீச்சு வண்டி. 98 கன செண்டிமீட்டரில் 11 குதிரைத்திறன்; எடையோ நூறு கிலோவைச் சற்றே தாண்டும். கைப்பிடியைத் திருகியவுடன் துள்ளி எழும் அதன் வேகமும், உலோகக் குரலும் ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்துவிட்டன. நகர நெரிசலில் இடைவெளி கண்டு முந்துவதற்கும், தனியொருவர் மலைச்சாலை ஏறுவதற்கும் அதற்கு நிகர் அக்காலத்தில் அருமை. சி.டி. 100 நால்வீச்சு வண்டி. விசை ஏறத்தாழ ஏழு குதிரைத்திறன். அதன் படுக்கைவாட்டுச் சிலிண்டர், சோபா தட்டு ஏந்திய கடைப்பையனுக்காகப் பிறந்த சூப்பர் கப் குடும்பத்தின் வழிவந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பது அதன் புகழ். அதே தூரத்துக்கு ஆர்.எக்ஸ். 100 ஒன்றரை மடங்குக்கு மேல் பெட்ரோல் கேட்கும். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு மணியார்டரும் போக மீதியில் வாழ்ந்த வெளிமாநிலத் தமிழ்க் குடும்பத்துக்கு இவ்வேற்றுமை சிறிதன்று. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய 1996-ல் ஆர்.எக்ஸ். 100 நிறுத்தப்பட்டது. நால்வீச்சு வண்டிகளே பின்னர் நாட்டின் சாலைகளை நிறைத்தன.

இந்நான்கிற்கும் முன்பே, 1983-ல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் துணையோடு 'ராஜ்தூத் 350' வண்டியைக் கொணர்ந்திருந்தது. ஜப்பானில் 1973-ல் பிறந்த 'ஆர்.டி. 350' என்னும் இரட்டைச் சிலிண்டர் இருவீச்சு வண்டியின் இந்திய வடிவம் அது. விசையை ஏறத்தாழ 39 குதிரைத்திறனிலிருந்து 30-க்குக் குறைத்தனர். அப்படிக் குறைத்தும், அன்று இந்தியச் சாலையில் ஓடிய வேறெந்த வண்டியும் அதை எட்ட இயலவில்லை. ஆனால் மூல வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் இங்கு டிரம் பிரேக்காக மாறியது. மாட்டு வண்டியும் பாதசாரியும் எதிர்பாராமல் குறுக்கிடும் சாலையில், நிதானமான வண்டிகளில் பழகிய இளைஞர் கையில் அந்த வேகம் வந்து சேர்ந்தது. விபத்துகளோடு அதன் பெயர் இணைந்து பேசப்பட்டதில் வியப்பில்லை. பெட்ரோல் தாகமும் உதிரிப் பாகங்களின் விலையும் சேர, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் அது ஓய்ந்தது. இன்று அதைச் சேகரிப்போர் பெரும் விலை தருகின்றனர். ஆனால் விலை ஏறியதால் அதன் பிரேக் பலப்பட்டுவிடவில்லை.

பழைய வண்டி வாங்க விழைவோர் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டிய பயன் யாது? அன்றாடம் அலுவலகம் சென்று திரும்ப, சி.டி. 100 போன்ற நால்வீச்சு வண்டியே ஏற்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஊர்ப்புறம் சுற்றும் இன்பத்துக்கு ஆர்.எக்ஸ். 100 பொருந்தும், ஆனால் எண்ணெயைத் தானே கலக்கும் அதன் பம்பு சரியாக இயங்குகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பலர் அதைக் கழற்றிவிட்டுத் தொட்டியிலேயே எண்ணெய் ஊற்றுவர். ஒருமுறை மறந்தாலும் பிஸ்டன் இறுகிச் சக்கரம் நின்றுவிடும். எவ்வகையாயினும் டயரின் ரப்பர் காலத்தால் கடினமாகியிருக்கும். தடம் தேயாதிருப்பினும் மாற்றியே ஆகவேண்டும். பிரேக் கட்டைகளும் மின்கம்பிகளும் அவ்வாறே. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையும் நினைவிற்கொள்க. இத்தகைய விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவன. பணம் கொடுக்குமுன் பதிவு அலுவலகத்தில் விசாரித்தல் நலம்.

"பழைய ஆர்.எக்ஸ். 100-ல் தில்லியிலிருந்து சென்னை வரை ஓட்டிச் செல்லலாமா?" என்று கேட்கும் இளைஞரும் உளர். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் லாரிகளுக்கு நடுவே நாள் முழுவதும் உச்ச வேகத்தில் இரைந்து ஓடுவதற்காக அவ்வண்டி பிறக்கவில்லை. அதைச் செய்தவர்கள் அந்தப் பயணத்தை எண்ணிச் செய்யவுமில்லை. அவர்களுக்கு நம் முன்னவர் வழக்கத்தையே நினைவூட்டுவோம். மாற்றல் உத்தரவு வந்ததும் அவர்கள் வண்டியின் பெட்ரோலை முற்றும் வடித்து, கோணியும் வைக்கோலும் சுற்றிக் கட்டி, ரயில் பார்சலில் ஒப்படைத்துவிட்டுத் தாங்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறுவார்கள். சென்னை சென்ட்ரலில் இறங்கிக் கோணியைப் பிரித்து, வெளியே வந்து ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினால், வண்டி தனக்குரிய தெருவில் தனக்குரிய வேலையை மறுபடியும் தொடங்கும்.